ஆரஞ்சு வயரைக் கண்டால் ஒதுங்குவதா, இறங்குவதா?

மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் உள்சாலையில் கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, திருவனந்தபுரத்தில் ஓர் ஆசானிடம் ஒன்பது வருஷம் தொழில் பழகி, ஊர் திரும்பிக் கடை போட்டு 19 வருஷம் ஆகிறது. இரண்டு வண்டி நிற்கும் ஷெட், ஒரு லிஃப்ட், பக்கத்தில் தகரக் கொட்டகையில் டிங்கரிங். நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவன் அக்கா மகன், 17 வயது. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனோ, "அப்பா, அஞ்சு வருஷத்துல எல்லாம் கரண்ட் வண்டி ஆயிரும், நம்ம கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்கிறானாம்.

இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியூர் முகவர் ஒருவர் வந்திருக்கிறார். எட்டு லட்சம் ரூபாய் கட்டினால் மின்சார வாகன சர்வீஸ் சென்டர் என்று பெயர்ப்பலகை, வண்டியின் பழுதைப் படிக்கும் ஸ்கேனர், பேட்டரி சரிசெய்யும் இயந்திரம், மூன்று நாள் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் தருவாராம். மனைவியின் நகையை அடகு வைத்தால் பாதி தேறும், மீதிக்குக் கடன். இதைப் பற்றி இரண்டு பக்கம். இடையில் நான்கே வரியில் இன்னொரு சங்கதி: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை சமயத்தில் கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி, ஏசி குளிரவில்லை என்று வந்தது. பையன்கள் வழக்கம்போல எண்ணெய் விட்டு கேஸ் ஏற்றி அனுப்பினார்கள். நாலாம் நாள் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று வண்டி திரும்பி வந்தது. இவர் ஸ்கேனரில் அந்தப் பழுதுக் குறியீட்டை அழித்துக் கொடுத்துவிட்டார். எண்ணெய் விஷயத்தை உரிமையாளரிடம் சொல்லவில்லை.

அவர் கேட்பவை: கடையை மாற்றவா, மூடவா? எட்டு லட்சத்தில் இறங்கவா? "சாவியை ஆஃப் பண்ணி பேட்டரி டெர்மினலைக் கழற்றிட்டா கரண்டு இருக்காதுதானே சார்? மார்த்தாண்டத்துல 250 ரூவாய்க்கு ரப்பர் கையுறையும் வாங்கி வச்சிருக்கேன். எதாவது ஆனா நான் பொறுப்பில்லன்னு கஸ்டமர்கிட்ட எழுதி வாங்கிட்டா போதுமா?"

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியதைவிட அந்த நாலு வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் மகன் சொன்னதற்குப் பதில்.

அவன் பார்க்கும் திசை சரி, வேகம் தப்பு. இன்றைக்கு ஷோரூமிலிருந்து இறங்கும் பெட்ரோல் காருக்கு 15 வருஷத்துக்குப் பதிவு இருக்கிறது. உங்களுக்கு 60 வயது ஆகும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், மின்சார வண்டிக்கு வேலையே வராது என்பதும் கதை. எஞ்சின் ஆயில், கிளட்ச், டைமிங் செயின் போய்விடும். டயர், சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட், ஏசி, பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் இருக்கும். எடை அதிகம், இழுவிசை உடனே கிடைக்கும் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். பிரேக் பேடு தேய்வது குறைவு, மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால். ஆனால் நம் ஊரில் இந்த வசதியே ஒரு வேலையைக் கொண்டுவரும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடும் வண்டியில் பிரேக்கை அதிகம் மிதிக்காவிட்டால் டிஸ்க்கில் துரு ஏறும், காலிப்பர் பின் உப்புக்காற்றில் இறுகி நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கிற வேலை இருக்கிறதே, அது உங்கள் கடைக்கென்றே அளந்து தைத்தது.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

நூறு பக்க நோட்டு ஒன்றில் மூன்று மாதம் எழுதுங்கள். வந்த ஒவ்வொரு வண்டியும் பெட்ரோலா, டீசலா, ஹைபிரிட்டா, மின்சாரமா, எதற்கு வந்தது, எதைச் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பினீர்கள். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். முதலீடு எங்கே தேவை என்பதை உங்கள் மகனும் முகவரும் அல்ல, அந்தக் கட்டம்தான் சொல்லும்.

என் ஊகம், உங்களிடம் முழு மின்சாரக் காரைவிட ஹைபிரிட்தான் முதலில் கூடும். மின்சாரக் கார் வாங்கியவர் பேட்டரி உத்தரவாதத்தை நினைத்துக் கொஞ்சகாலம் கம்பெனி சர்வீஸையே சுற்றுவார். டாடா நெக்ஸான் போன்ற மின்சார வண்டிகளுக்கு அது 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று கொடுக்கப்பட்டது. ஹைபிரிட்காரர் அப்படி இல்லை. அவருக்கு அது பெட்ரோல் கார்தான். பிரேக், ஏசி, சத்தம் என்று பக்கத்துக் கடைக்கே வருவார். உங்களிடம் வந்ததும் அதுதானே. நெடுஞ்சாலை பக்கம் என்பதால் சபரிமலை சீசனில் வெளியூர் வண்டிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட் என்று ஒட்டியதெல்லாம் ஒன்றல்ல

பின்கதவில் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று இருந்த ஒரு சியாஸைத் திருப்பி அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையை நீங்கள் விட்டிருக்க வேண்டியதில்லை. மாருதியின் அந்த வகை வெறும் 12 வோல்ட் சமாச்சாரம். ஆல்டர்னேட்டர் கொஞ்சம் பெரிய வேலை செய்கிறது, கூட ஒரு சிறு லித்தியம் பேட்டரி இருக்கலாம், அவ்வளவுதான். அபாயம், மின்மோட்டாரே வண்டியை ஓட்டக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட்டில். இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஆகியவற்றில் அந்த வகை உண்டு. கிராண்ட் விட்டாராவில் இரண்டு வகையும் ஒரே உடம்பில் வருகின்றன. அதனால் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பானெட்டைத் தூக்கியதும் கட்டியான ஆரஞ்சு நிற வயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது உயர் மின்னழுத்த வண்டி.

எவ்வளவு உயர்ந்தால் உயர் மின்னழுத்தம்? நம் நாட்டு ஏஐஎஸ் 038 தரவிதியும் உலக விதியும் ஒரே கோட்டைத்தான் போடுகின்றன: நேர் மின்சாரத்தில் (டிசி) 60 வோல்ட்டுக்கு மேல், மாறு மின்சாரத்தில் (ஏசி) 30 வோல்ட்டுக்கு மேல். முதல் நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 320 வோல்ட். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் பேட்டரி 200 வோல்ட் அளவில் இருந்தாலும், இன்வெர்ட்டருக்குள் அதை 600 வோல்ட் வரை ஏற்றி மோட்டாருக்கு அனுப்பும் மாடல்கள் உண்டு. சின்ன பேட்டரிதானே என்று ஹைபிரிட்டை இளக்காரமாக நினைக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. பேட்டரி சின்னதுதான், உள்ளே ஓடும் மின்சாரம் சின்னதல்ல.

மின்சார ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் பெரும்பாலும் இந்த 60 வோல்ட் கோட்டுக்குக் கீழே நிற்பவை. அதனால் ஷாக் அபாயம் குறைவு. ஆனால் பயமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. என் இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு வளையத் தழும்பு இருக்கிறது. தொழில் படித்த காலத்தில் ஒரு லாரி பேட்டரியில் ஸ்பேனரும் என் ஸ்டீல் வாட்ச் செயினும் ஒன்றாகப் பட்டன. வோல்ட் கொஞ்சம்தான், ஆம்பியர் ஆளையே சுட்டுவிடும். கழுத்தில் சிலுவைச் செயின், கையில் செப்புக் காப்பு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், மோதிரம்: கடைக்குள் நுழையும்போதே கழற்றி ஒரு டப்பாவில் போடும் பழக்கம் வேண்டும், முதலாளி உட்பட.

ஆஃப் பண்ணினால் போதுமா?

போதாது. இந்த ஒரு எண்ணத்தைத்தான் நீங்கள் முதலில் விட வேண்டும்.

ஹைபிரிட் சத்தமில்லாமல் நிற்பதால் அது அணைந்திருக்கிறது என்று பொருளில்லை. டாஷ்போர்டில் 'ரெடி' எரிந்தால் எஞ்சின் எந்த நொடியும் தானே கிளம்பும். சாவி பாக்கெட்டில் இருக்கிற பையன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாலே சில வண்டிகள் விழித்துக்கொள்ளும். ஆகவே சாவி வண்டியிலிருந்து ஐந்து மீட்டருக்கு அப்பால், ஒரே ஆள் கையில்.

12 வோல்ட் டெர்மினலைக் கழற்றினால் உயர் அழுத்தப் பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்கள் திறந்துகொள்ளும், உண்மைதான். ஆனால் இன்வெர்ட்டருக்குள் கெப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அது சேர்த்துவைத்ததை உடனே விடாது. ரிலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பழுதும் உண்டு. பேட்டரிப் பெட்டிக்குள்ளோ எப்போதும் மின்சாரம் இருக்கும்; கடலில் தண்ணீர் இருப்பதுபோல. முறையான வரிசை இது: வண்டியை அணைப்பது, சாவியை அப்புறப்படுத்துவது, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றுவது, கையுறை போட்டுக்கொண்டு, உயர் அழுத்தப் பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி அதைப் பூட்டி வைப்பது, அந்த மாடலின் கையேடு சொல்லும் நேரம் காத்திருப்பது (பொதுவாக 5 முதல் 10 நிமிடம்), அப்புறம் மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று உறுதிசெய்வது. கடைசிப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். மீட்டரையும் சும்மா நம்பக் கூடாது. முதலில் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் வைத்து அது வேலை செய்கிறதா பார்த்து, வண்டியில் அளந்து, திரும்பவும் அந்தப் பேட்டரியில் வைத்துப் பார்க்க வேண்டும். செத்துப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் சர்வீஸ் பிளக்கில் கை வைக்கக் கூடாது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று செய்யவைத்த பிறகுதான். தனியாளாக ஒருபோதும் வேண்டாம்.

அந்த 250 ரூபாய்க் கையுறையைப் பாத்திரம் கழுவ வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வேண்டியது 'கிளாஸ் 0, 1000 வோல்ட்' என்று முத்திரை குத்திய மின்காப்புக் கையுறை, அதன்மேல் போட ஒரு தோல் உறை. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று காதருகே வைத்துப் பார்த்த பிறகே போட வேண்டும். ஆயிலும் வெயிலும் ரப்பருக்கு எதிரி. டூல் டிராயரில் கிரீஸ் துணியோடு சுருட்டிப் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. கைலி, ஹவாய் செருப்பு, ஈரத்தரை இந்த மூன்றும் சேர்ந்த நம் ஊர் வழக்கத்தையும் அந்த வண்டி நிற்கும் இடத்தில் மாற்றியாக வேண்டும்.

தொடலாம், பழகித் தொடலாம், தொடவே கூடாது

வேலையை மூன்றாகப் பிரித்துச் சுவரில் எழுதி மாட்டுங்கள். ஜெர்மனியில் மெக்கானிக்குகளையே இப்படிப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள்: மின்பக்கம் போகாமல் வேலை செய்பவர், மின்சாரம் துண்டித்த வண்டியில் செய்பவர், மின்சாரம் உள்ளபோதே செய்பவர் என்று.

இன்றைக்கே செய்யக்கூடியவை: டயர், அலைன்மென்ட், சஸ்பென்ஷன், பிரேக், வைப்பர், கேபின் ஃபில்டர், 12 வோல்ட் பேட்டரி. பல டொயோட்டா ஹைபிரிட்களில் பின் இருக்கைப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் ஒன்று இருக்கும். அதன் வலையில் தூசி அடைத்துப் பேட்டரி சூடாகி எச்சரிக்கை வருவதுண்டு. அரைமணி வேலை, செய்து கொடுத்தால் வாடிக்கையாளர் உங்களை மறக்கமாட்டார். இந்தப் பட்டியலிலும் சில எச்சரிக்கை உண்டு. மின்சாரக் காரில் அடித்தட்டு முழுக்கப் பேட்டரி, ஆகவே ஜாக்கியையும் லிஃப்ட் கையையும் கம்பெனி குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள். ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ் மைனஸ் மாறினால் பழைய காரில் ஃபியூஸ் போகும், இதில் கன்வெர்ட்டரே போகலாம். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருள இழுத்துவராதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரி வைத்திருப்பவர் ஒருவரோடு பேசி வையுங்கள்.

தண்ணீர் சர்வீஸ் பற்றி ஒரு வார்த்தை. 'ஐபி 67 பேட்டரி, தண்ணியில முக்கினாலும் ஒண்ணும் ஆகாது' என்று உங்கள் பையன்கள் சொல்கிறார்களாம். அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் அசையாமல் வைப்பது. பிரஷர் வாஷரைக் கனெக்டரில் குறிவைத்து அடிப்பது வேறு, உப்புத்தண்ணீர் வேறு, ஐந்து வருஷம் ஓடித் தளர்ந்த ரப்பர் சீல் வேறு.

பயிற்சிக்குப் பிறகு செய்யக்கூடியவை: மின்சாரம் துண்டித்தபின் ஏசி கம்ப்ரஸர், இன்வெர்ட்டர் கூலன்ட், ஆரஞ்சு வயர் போகும் பகுதிக்குப் பக்கத்து டிங்கரிங், வெல்டிங். பெயிண்ட் உலர்த்தும்போதும் பேட்டரி தாங்கும் வெப்ப அளவைக் கையேட்டில் பாருங்கள்.

தொடவே கூடாதது: பேட்டரிப் பெட்டியைத் திறப்பது. கார், ஸ்கூட்டர், ஆட்டோ எதுவானாலும். செல் மாற்றி மைலேஜ் கூட்டித்தரச் சொல்லி ஒரு பையன் ஸ்கூட்டரோடு வந்தான் என்று எழுதியிருந்தீர்கள். அவனைத் திருப்பி அனுப்பியது நல்ல காரியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வண்டியை அதன் அசல் அமைப்பிலிருந்து மனம்போல மாற்றக் கூடாது. ஸ்கூட்டர் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக இறுக்கினார்கள். அந்தப் பாதுகாப்பையெல்லாம் ஒரு சால்டரிங் இரும்பால் தாண்டிவிட்டு ராத்திரி வீட்டு வராந்தாவில் சார்ஜ் போடுவான். பழைய பேட்டரியைக் காயலான் கடைக்கு எடை போடவும் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ தயாரிப்பாளரின் சேகரிப்பு வழியிலோதான் போக வேண்டும்.

இடித்த வண்டி, வெள்ளத்தில் முங்கிய வண்டி இரண்டையும் இப்போதைக்கு வேலைக்கு எடுக்காதீர்கள். லித்தியம் பேட்டரி அடிபட்ட அன்று சும்மா இருந்து, நாள் கழித்துப் பற்றும். அப்படிப்பட்ட வண்டியைச் சுற்றி 50 அடி திறந்தவெளி வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. உங்கள் ஷெட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதானே இருக்கிறது? பற்றினால் பவுடர் சிலிண்டர் அதை நிறுத்தாது, ஏராளமான தண்ணீர் வேண்டும், புகையில் நச்சு இருக்கும். ஆட்களை வெளியேற்றி 101-ஐக் கூப்பிடுவதுதான் உங்கள் வேலை.

எட்டு லட்சமும் நகையும்

வேண்டாம். அந்தப் பட்டியலில் உள்ள பேட்டரி இயந்திரம், நான் இப்போது தொடக் கூடாது என்ற வேலைக்கானது. பெயர்ப்பலகை வந்தால் வண்டி வரும், வந்தால் செய்யத் தெரிய வேண்டும். மூன்று நாள் பயிற்சி விழிப்புணர்வுக்குப் போதும், கைப்பழக்கத்துக்குப் போதாது. அது கெட்டது என்று சொல்லவில்லை. எட்டு லட்சத்தோடு ஏன் கட்டிவைக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

முதல் கட்டத்துக்கு: இரண்டு சோடி கிளாஸ் 0 கையுறை, முகக் கவசம், 'கேட் 3, 1000 வோல்ட்' என்று குறித்த நல்ல மீட்டர், 1000 வோல்ட் குறியிட்ட காப்பிட்ட டூல்கள், வண்டியைச் சுற்றி வைக்கக் கூம்பும் சங்கிலியும், ஷாக் அடித்தவரை இழுத்தெடுக்கும் காப்பிட்ட கொக்கி. உங்கள் பழைய ஸ்கேனரை அப்டேட் செய்தால் ஹைபிரிட்டின் பழுதுக் குறியீடுகளைப் படிக்குமா என்று விற்றவரிடம் கேளுங்கள். கூடவே கடையின் எர்த்தை ஒரு எலக்ட்ரீசியனை வைத்து அளந்து, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போடுங்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் பல மின்சாரக் கார்கள் சார்ஜே ஏற்றிக்கொள்ளாது, அதைக் கார் பழுது என்று நினைத்து ஒருநாள் வீணாக்குவீர்கள். இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கர் அடுத்த கட்டம். பேட்டரி இறக்கும் மேசையெல்லாம் நோட்டு சொன்னால் பார்க்கலாம்.

கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. உங்களுக்கு யாரோ சொன்ன பிஎம்இஜிபி என்ற மத்திய அரசுத் திட்டத்தின் மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். 19 வருஷக் கடைக்கு முதல் கடனாக அது கிடைக்காது. நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருநாள் உத்யம் என்ற சிறுதொழில் பதிவோடு போய்வாருங்கள்.

பத்தாம் வகுப்பு படித்தவனுக்கு இது ஏறுமா என்று கேட்டிருந்தீர்கள். சத்தத்தை வைத்தே டேப்பட் கிளியரன்ஸ் சொல்கிறவர் நீங்கள். ஓம் விதியும் மீட்டர் பிடிப்பதும் ஏறாதா? ஆனால் இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார உங்களால் முடியாது. அக்கா மகனால் முடியும். ஐடிஐக்களுக்கான தேசியப் பாடத்திட்டத்தில் 'மெக்கானிக் எலக்ட்ரிக் வெஹிக்கிள்' என்று இரண்டாண்டுப் பிரிவு இருக்கிறது. நாகர்கோவில் கோணம் அரசு ஐடிஐயில் இந்த வருஷம் எந்தெந்தப் பிரிவுக்குச் சேர்க்கை, பெரியவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று அவனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். அதுவரை, 18 ஆகும்வரை, ஆரஞ்சு வயர் வண்டியில் அவன் பானெட்டைக்கூடத் திறக்க வேண்டாம். அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எழுதி வாங்கிய தாள்

'எதற்கும் பொறுப்பில்லை' என்று வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவதால் கவனக்குறைவுக்கான பொறுப்பு நீங்காது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று அவர் ஆணையத்துக்குப் போகலாம். வேலையாளுக்கு அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளிக்கு. அதில் வாடிக்கையாளரின் தாளுக்கு இடமே இல்லை. உங்களைக் காப்பாற்றக்கூடிய தாள் வேறு: ஜாப் கார்டு. வண்டி வந்தபோது எரிந்த விளக்குகள், கிலோமீட்டர், ஃபோட்டோ, கேட்ட வேலை, போட்ட சாமானின் பெயர், எண்ணெயின் வகை உட்பட. கடைக்கு எடுத்த காப்பீட்டில் வாடிக்கையாளர் வண்டியும் வேலையாளும் அடங்குகிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வெளிக்கடையில் கைவைத்தாலே உத்தரவாதம் போய்விடும் என்று உங்களை மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மேல் இட்ட உத்தரவைத் தெரிந்துகொள்ளுங்கள். உதிரிபாகமும் பழுதறியும் கருவியும் தனிக்கடைகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காகவே மொத்த உத்தரவாதத்தையும் ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றது அது. மேல்முறையீட்டில் அபராதக் கணக்கு மாறியது வேறு கதை. ஆனால் அதே உத்தரவு, தப்பான வேலையால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் மறுக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த வரியிலிருந்துதான் உங்கள் நாலு வரிக்கு வருகிறேன்.

அந்த ஏசி வண்டி

சாதாரணக் காரில் கம்ப்ரஸரை பெல்ட் சுற்றுகிறது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் அதற்குள்ளேயே உயர் அழுத்த மோட்டார் இருக்கிறது, அதன் சுருள்கள் கேஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடி ஓடுகின்றன. அதனால் பல மாடல்களில் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய் போடுகிறார்கள். உங்கள் பையன்கள் விட்டது வழக்கமான பிஏஜி. அது ஈரத்தை உறிஞ்சும், மின்காப்பைக் குறைக்கும்; கொஞ்சம் கலந்தாலே போதும். உயர் அழுத்த மின்சாரம் பாடிப் பக்கம் கசியத் தொடங்குவதை வண்டி தானே கண்டுபிடித்து விளக்கைப் போட்டிருக்கலாம். நீங்கள் அழித்தது வெறும் குறியீட்டை அல்ல, அந்த வண்டி அதன் உரிமையாளருக்குக் கொடுத்த எச்சரிக்கையை.

பானெட்டுக்கு அடியில் அல்லது கம்ப்ரஸர் மேல் ஒட்டிய லேபிளில் எண்ணெய் வகை இருக்கும். உங்களிடம் ஃபோட்டோ இருந்தால் பாருங்கள். என்ன இருந்தாலும் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்: இந்த எண்ணெய் விட்டோம், தப்பாக இருக்கலாம், வண்டியை ஓட்டாதீர்கள், ஏசி போடாதீர்கள், கம்பெனி சர்வீஸில் இன்சுலேஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஜாப் கார்டின் நகலையும் கொடுங்கள், எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கம்ப்ரஸர் மாற்ற வேண்டிவந்தால் செலவு கணிசமாக இருக்கும். அதில் உங்கள் பங்கைப் பேசி ஏற்பது, ஆணையத்தில் முழுவதையும் வட்டியோடு கட்டுவதைவிடக் குறைவாகவே முடியும். திட்டுவார். கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேஸ் ஏற்றும் இயந்திரத்தின் ஹோஸில் இன்னும் பிஏஜி ஒட்டியிருக்கிறது. பிஓஇக்கென்று தனி ஹோஸ், தனி எண்ணெய்க் குப்பி இல்லாமல் இன்னொரு ஹைபிரிட்டின் ஏசியை இதே இயந்திரத்தில் வைக்காதீர்கள். வசதி வரும்வரை அந்த வேலையைத் தெரிந்தவரிடம் அனுப்பி, கமிஷன் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே அவரை அழையுங்கள். வண்டி இதற்குள் 'ரெடி'க்கு வராமல் எங்காவது நின்றிருந்தால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம் என்று சொல்லி, பிளாட்பெட்டை நீங்களே அனுப்புங்கள். அந்த வாடகை உங்கள் கணக்கு.